நூற்றுக்கு அஞ்சு எந்த ஊர்க் கணக்கு?

முல்லை ரீச்சர் | வெள்ளி இரவு 8.40

எரிச்சலோடுதான் எழுதுகிறேன். இன்று பின்னேரம் எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பெற்றோர் கூட்டம். மது ஒழிப்பைப் பற்றிப் பேச வந்தவர் மைக்கைப் பிடித்து, "பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு அஞ்சு பேருக்குக் கருவிலேயே மதுப் பாதிப்பு. ஓட்டிசத்தை விட இதுதான் கூட. வன்னியில் இன்னும் கூடவாக இருக்கும்" என்றார். தாய் கர்ப்பத்தில் குடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கு வருகிற பாதிப்பைத்தான் சொன்னார். கைதட்டல் வேறு.

பின்வரிசையில் என் விசேட கல்வி அலகுப் பிள்ளையொன்றின் தாய் இருந்தார். வயலில் இருந்து நேரே வந்தவர், சீலைக் கரையில் சேறு காயவில்லை. கூட்டம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் மகனின் தாடையை நிமிர்த்திப் பிடித்து, போன் வெளிச்சத்தில் அவன் மேலுதட்டைப் பார்த்தார். மேலுதடு மெல்லிசாக இருக்கும், மூக்குக்குக் கீழே பள்ளம் இருக்காது என்று மைக்கில் சொன்னதைக் கேட்டுத்தான். "ரீச்சர், நான் ஒரு சொட்டும் தொட்டதில்லையே, பிறகு ஏன்?" என்றார்.

பதினாலு வருடமாக இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறேன். நூற்றுக்கு அஞ்சு என்றால் எந்த நூற்றுக்கு? யார் எண்ணியது?

குளத்தடிப் பெடியன் | 9.05

அந்தப் பேச்சாளரைக் கூட்டி வந்தவன் நான். சுற்றி வளைக்காமல் என்னையே கேட்டிருக்கலாம். நூற்றுக்கு அஞ்சு என்பது அவர் பஸ்ஸில் வரும்போது யோசித்த எண் இல்லை. 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு. அமெரிக்காவின் நாலு ஊர்களில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் 6,639 பேரைத் தெரிந்தெடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு அஞ்சு. அந்தக் காலத்தில் அங்கே ஓட்டிசம் 59 பிள்ளைக்கு ஒன்று, நூற்றுக்கு இரண்டும் வராது. எது கூட என்று கணக்குப் படிப்பிக்கிற நீங்களே சொல்லுங்கள்.

முல்லை ரீச்சர் | 9.14

அதே ஆய்வை நானும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன் தம்பி. அதில் இருப்பது "1.1 முதல் 5.0 வரை". ஓர் ஊரில் ஒன்று, இன்னோர் ஊரில் அஞ்சு. நீங்கள் மேல் நுனியை மட்டும் முறித்துக் கொண்டு வந்து மேடையில் நட்டுவிட்டீர்கள். இந்த நாலு ஊரை வைத்து முழு அமெரிக்காவுக்கும் சொல்ல முடியாது என்று ஆய்வு செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவுக்கே பொருந்தாதது எங்கள் ஒட்டுசுட்டானுக்கு எப்படிப் பொருந்தும்?

குளத்தடிப் பெடியன் | 9.20

முழுக்கப் படித்தீர்களென்றால் அடுத்த வரியையும் சொல்லுங்களேன். 1.1 முதல் 5 வரை என்பது குறைத்துப் போட்ட கணக்கு. மற்ற முறையில் 3.1 முதல் 9.8 வரை. நாங்கள் பத்து என்று சொல்லவில்லை, அடக்கமாக அஞ்சு என்றோம். நூற்றுக்கு அஞ்சு. அதற்கே இந்தக் கூச்சல்.

நெடுங்கேணி நேசன் | 9.22

ஒன்றா, அஞ்சா, பத்தா? நெல்லுக் கொள்வனவு விலை கூட இப்படி ஏறி இறங்காது.

ரொறன்ரோ மாமா | 9.41

இங்கே கனடாவில் இதெல்லாம் எப்போதோ கதைத்து முடிந்த விஷயம். ரொறன்ரோப் பெரும்பாகத்தில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2019இல் வெளியிட்டார்கள்: நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று. ஓட்டிசம் 50 பிள்ளைக்கு ஒன்று, அதாவது நூற்றுக்கு இரண்டு. ஆகவே கருவில் மதுப் பாதிப்பு கொஞ்சம் கூடத்தான். ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்க நாள் எடுக்கும், பரவாயில்லை.

நெடுங்கேணி நேசன் | 9.44

மாமா, ஊரில் இருப்பவர்களுக்கு விளங்காது என்றால் ஏன் ஊர்க்காரரின் விவாதத்தில் வந்து குந்துகிறீர்கள்? திருவிழாவுக்குக் காசு அனுப்பிவிட்டுக் கல்வெட்டில் பெயர் கேட்ட மாதிரி.

ரொறன்ரோ மாமா | 9.46

கல்வெட்டில் பெயர் நான் கேட்கவில்லை. நிர்வாகம் தானாகப் போட்டது. ஆதாரம் இருக்கிறது, அனுப்பட்டுமா?

முல்லை ரீச்சர் | 9.58

கல்வெட்டைப் பிறகு பார்க்கலாம். மாமா, உங்கள் எண்ணையே எடுக்கிறேன். இரண்டு முதல் மூன்று, அஞ்சு இல்லை. அது உங்கள் வாயால் வந்தது.

இனி எண்ணிய விதத்தைப் பாருங்கள். கருவில் மதுப் பாதிப்பைப் பார்க்கப் போனவர்கள் பாடசாலைக்குள் நுழைந்து, பிள்ளையின் உயரம், நிறை, தலைச் சுற்றளவு, முகம் எல்லாம் அளந்து, படிப்பையும் நடத்தையையும் சோதித்து, தாயைக் கூப்பிட்டுக் கேட்டு எண்ணினார்கள். அமெரிக்காவில் ஓட்டிசத்தை எண்ணுபவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளின் கிளினிக் கோப்பையும் பாடசாலைக் கோப்பையும் புரட்டி எண்ணுகிறார்கள். ஒன்று குளத்தை வற்ற விட்டு மீன் எண்ணுவது, மற்றது சந்தைக்கு வந்த மீனை எண்ணுவது. இரண்டையும் ஒரே தராசில் போட்டு எது கூட என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?

அந்தக் கோப்புக் கணக்கும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2000இல் 150 பிள்ளைக்கு ஒன்று, 2014இல் 59க்கு ஒன்று, 2022இல் 31க்கு ஒன்று. நூற்றுக்கு மூன்றைத் தாண்டிவிட்டது. கலிபோர்னியாவில் கணக்கெடுத்த இடத்தில் நூற்றுக்கு அஞ்சையும் தாண்டியது. உங்கள் பேச்சாளர் 2018ஓடு நின்றுவிட்டார்.

குளத்தடிப் பெடியன் | 10.09

நன்றி ரீச்சர், என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். குளத்தை வற்ற விட்டால்தான் மீன் தெரியும் என்றால், இங்கே யார் வற்ற விட்டது? அந்த ஆய்வில் பாதிப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்த 222 பிள்ளைகளில் முதலே தெரிந்திருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டு. வெறும் இரண்டு பேர். அமெரிக்காவிலேயே 220 பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். நீங்கள் பதினாலு வருடமாக "எங்கள் அலகில் அப்படி ஒருவரும் இல்லை" என்கிறீர்கள். தேடினீர்களா? நூற்றுக்கு அஞ்சு.

முல்லை ரீச்சர் | 10.15

"ஒருவரும் இல்லை" என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

குளத்தடிப் பெடியன் | 10.16

எழுதவில்லை. தொனி அதுதான்.

வவுனியா வாசகி | 10.20

ஒரு சின்னக் கேள்வி. முகத்தில் அடையாளம் இருக்கிற பிள்ளையை மட்டுமா இந்தப் பெயரால் சொல்கிறீர்கள், முகம் சாதாரணமாக இருந்து படிப்பிலும் நடத்தையிலும் மட்டும் பாதிப்பு உள்ள பிள்ளையையும் சேர்த்தா? இரண்டுக்கும் எண் வேறல்லவா? ஓட்டிசத்திலும் அப்படித்தான், இப்போது கதைக்காத பிள்ளையும் சரளமாகக் கதைக்கிற பிள்ளையும் ஒரே பெயருக்குள் வருகிறார்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடங்கலாமே.

முல்லை ரீச்சர் | 10.27

சரி, அமெரிக்காவை விடுவோம், வன்னிக்கு வாருங்கள். 2015இல் நாடு முழுக்க எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் குடிக்கிற ஆண்கள் நூற்றுக்கு 35 பேரளவில். பெண்கள் நூற்றுக்கு ஒருவரும் இல்லை, அரைவாசி. உலகளவில் 2017இல் போட்ட கணக்கு, கர்ப்ப காலத்தில் குடிக்கிற 13 தாய்மாரில் ஒருவருக்குத்தான் பாதித்த பிள்ளை பிறக்கிறது என்கிறது. பெருக்கிப் பாருங்கள். ஆயிரம் தாய்மாரில் அஞ்சு பேர் குடிக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் கர்ப்பத்திலும் விடவில்லை என்றே வைப்போம். அஞ்சைப் பதின்மூன்றால் பிரித்தால் ஆயிரத்துக்கு அரைப் பிள்ளையும் இல்லை. ஓட்டிசத்துக்கு இந்த நாட்டிலேயே எண் இருக்கிறது. தென்னிலங்கையில் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009இல் வெளியிட்டது: 93 பிள்ளைக்கு ஒன்று. ஆயிரத்துக்குப் பத்துக்கு மேல். ஓட்டிசம் பத்து, கருவில் மதுப் பாதிப்பு அரை. எது கூட தம்பி? உங்கள் அஞ்சு ஆயிரத்துக்கா, நூற்றுக்கா?

குளத்தடிப் பெடியன் | 10.34

கணக்கெடுக்க வந்தவர் பட்டியலோடு முற்றத்தில் நிற்கிறார், மாமியார் பக்கத்தில் நிற்கிறார், புருஷன் திண்ணையில் இருக்கிறார். "அம்மா, நீங்கள் குடிப்பீர்களா?" எந்தப் பெண் ஓம் என்பாள்? அந்த அரையை நம்புகிற ரீச்சர் அமெரிக்கத் தாய்மார் சொன்னதை நம்ப மாட்டாராம்.

தென்னாபிரிக்காவில் வெஸ்டேர்ன் கேப் பக்கம் திராட்சைத் தோட்டக் கூலிக்கு வைனைக் கொடுத்தார்கள், தலைமுறை தலைமுறையாக. இன்று உலகிலேயே இந்தப் பாதிப்புக் கூடின நாடு அதுதான், ஆயிரத்துக்கு 111 என்று போட்டிருக்கிறார்கள். அங்கேயும் முதலில் "எங்கள் பெண்கள் குடிப்பதில்லை" என்று யாராவது ரீச்சர் சொல்லியிருப்பார். எங்கள் ஊரில் கசிப்பு வடிக்கிற வீட்டில் சுவைத்துப் பார்ப்பது யார்? வடிக்கிற பெண்தான். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

நெடுங்கேணி நேசன் | 10.38

பெண்ணுக்கு மது விற்கவே கூடாது என்று 1955இல் இருந்து சட்டம். 2018 ஜனவரியில் நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை எடுத்தார், சில நாளில் ஜனாதிபதி திருப்பிப் போட்டார். பிறகு எங்கே போய் வாங்கிக் குடித்தார்கள் உங்கள் அஞ்சு பேர்?

குளத்தடிப் பெடியன் | 10.40

கசிப்புக்கு லைசென்ஸ் கடையா வைத்திருக்கிறார்கள்? சட்டத்தைக் கேட்டுவிட்டா கள்ளு முட்டி மரத்தில் இருந்து இறங்குகிறது?

பனையடி | 10.52

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கள்ளையும் இழுத்துவிட்டீர்கள். என் அப்பா முப்பது வருடம் பனை ஏறினவர். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். அதுதான் வித்தியாசம். அவர் நெஞ்சில் தளைநார் உரசின தழும்பு சாகும் வரை இருந்தது. அந்தக் காசில்தான் நான் உயர்தரம் வரை படித்தேன். கசிப்பும் கள்ளும் ஒன்று என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். கள் உணவு.

குளத்தடிப் பெடியன் | 10.57

உங்கள் அப்பாவை நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணை. கள்ளில் மது இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள். மரத்தில் இருந்து இறக்கும்போதே புளிக்கத் தொடங்குகிறது. கர்ப்பிணி குடித்தால் பிள்ளைக்கு அது உணவு என்று தெரியுமா?

பனையடி | 11.01

எந்தக் கர்ப்பிணி குடித்தாள்? பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். எங்கள் குறிச்சியைப் பற்றித்தானே சொல்ல வருகிறீர்கள்? நேராகவே சொல்லுங்கள்.

முல்லை ரீச்சர் | 11.06

கள்ளிலும் மது இருக்கிறது, கர்ப்பிணிக்கு ஒரு மிடறும் வேண்டாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை. கிளினிக்கில் குடும்பநல மாது சொல்லவேண்டும், கூட்டத்திலும் சொல்லவேண்டும், நூறு தரம் சொல்லவேண்டும். ஆனால் "குடிக்காதே" என்று சொல்வது வேறு, "உன் பிள்ளை இப்படி இருப்பது நீ குடித்ததால்" என்று சொல்வது வேறு. அந்த அஞ்சு செய்தது இரண்டாவதை. பனையடித் தம்பி, உங்கள் குறிச்சியை யாரும் சொல்லவில்லை, தயவுசெய்து இதைச் சாதிக் கதையாக்காதீர்கள்.

பனையடி | 11.08

ஆக்கியது நானா?

செட்டிகுளம் அக்கா | 11.15

எனக்கு ஓட்டிசம் உள்ள மகன். ஒன்பது வயது. புளியங்கொட்டையைச் சுவரோரமாக வரிசையாக அடுக்குவான், ஒன்று விலகினால் முழுவதையும் குலைத்து முதலில் இருந்து அடுக்குவான். இப்போதும் நான் இதை எழுதும்போது அடுக்கிக்கொண்டிருக்கிறான், நித்திரை வராத நாளில் இப்படித்தான். அவனுக்கு என்ன என்று தெரிய நாலு வருடம் எடுத்தது. அந்த நாலு வருடமும் மாமியார் வீட்டில் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். கிரகணத்தில் வெளியே போனேனாம், அன்னாசி தின்றேனாம், போன் பார்த்தேனாம். இனி இதையும் சொல்லப் போகிறார்கள். குளத்தடித் தம்பி, உங்கள் எண் சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. அது போய் நிற்கிற வீடு எங்கள் வீடு.

குளத்தடிப் பெடியன் | 11.24

அக்கா, உங்களைச் சொல்லவே இல்லை. கோபிக்க வேண்டாம். ஆனால் ஒன்று. தகப்பன் குடித்தால்? எல்லோரும் தாயையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இப்போது தகப்பனின் குடியும் கருவைப் பாதிக்கும் என்று ஆய்வு வந்திருக்கிறது. வன்னியில் தகப்பன்மார் குடிப்பதில்லை என்று ரீச்சர் சொல்லட்டும் பார்ப்போம். அதையும் சேர்த்தால் நூற்றுக்கு அஞ்சு குறைவு.

முல்லை ரீச்சர் | 11.33

தகப்பனின் குடியை வைத்துச் செய்தது பெரும்பாலும் எலியில். 1973இல் இந்த நோய்க்குப் பெயர் வைத்த காலத்தில் இருந்து இன்றுவரை பெயரின் பொருள் தாயின் வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்குப் போன மது. எலியில் கண்டதைச் சேர்த்து "அஞ்சு குறைவு" என்று எப்படி எழுதுகிறீர்கள்? சேர்க்கச் சேர்க்க உங்கள் எண் வளர்கிறது, சான்று மட்டும் வளரவில்லை.

தகப்பன் குடிப்பதால் பிள்ளைக்கு வருகிற கேடு எனக்குத் தெரியாததா? திங்கட்கிழமை காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளை, கொப்பியைத் தகப்பன் கிழித்தான் என்று வருகிற பிள்ளை, இரவு முழுக்கத் தாயோடு பற்றைக்குள் ஒளிந்திருந்துவிட்டு வகுப்பில் நித்திரை கொள்கிற பிள்ளை. என் வகுப்பில் ஒருவன் யாராவது கையை உயர்த்தினால் மேசைக்குக் கீழே போய்விடுவான், நான் கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினாலும் போவான். அவனுக்கு இருப்பது ஓட்டிசமும் இல்லை, கருவில் மதுவும் இல்லை. அவனை எந்த நூற்றுக்குள் போடுவீர்கள்?

நெடுங்கேணி நேசன் | 11.40

எல்லாத்துக்கும் யுத்தம்தான் காரணம். பங்கருக்குள் பிறந்த பிள்ளைகள், முகாமில் பால் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள். அதைக் கதைக்க ஒருவருக்கும் துணிவில்லை, கள்ளையும் வைனையும் கதைக்கிறீர்கள்.

முல்லை ரீச்சர் | 11.44

நேசன், 2009இல் பிறந்த பிள்ளை இப்போது சாதாரண தரத்தைத் தாண்டியிருக்கும். என் அலகில் இருக்கிற பிள்ளைகள் யுத்தம் முடிந்து ஏழெட்டு வருடம் கழித்துப் பிறந்தவர்கள். அவர்களின் தாய்மார்தான் அந்த முகாமில் சிறுமிகளாக இருந்தவர்கள்.

நெடுங்கேணி நேசன் | 11.46

அப்ப அதுவும் யுத்தம்தானே.

குளத்தடிப் பெடியன் | 11.52

ரீச்சர் குடியைப் பற்றி இவ்வளவு உருக்கமாக எழுதுவது நல்லதுதான். ஆனால் போன வருடம் பாடசாலைச் சந்தியில் இருந்த சாராயக் கடையை எடுக்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்துக்கு அலைந்தபோது உங்கள் கையெழுத்து விழவில்லை. அதை நான் மறக்கவில்லை.

முல்லை ரீச்சர் | 11.55

போட்டேன். மூன்றாம் பக்கத்தில், பச்சைப் பேனையில். நீங்கள் கொண்டுவந்த நீலப் பேனை எழுதவில்லை, என் மகளின் பேனையை வாங்கிப் போட்டேன். பிரதியை எடுத்துப் பாருங்கள்.

குளத்தடிப் பெடியன் | 11.58

மூன்றாம் பக்கம் மழையில் நனைந்துவிட்டது.

ரொறன்ரோ மாமா | சனி 12.10

இதற்குத்தான் சொன்னேன். இங்கே என்றால் எல்லாம் கணினியில் இருக்கும்.

பனையடி | 12.12

மாமா, இங்கே இரவு பன்னிரண்டு. அங்கே மத்தியானம் தாண்டியிருக்கும். வேலைக்குப் போகவில்லையா?

முல்லை ரீச்சர் | 12.30

பேசவேண்டியது இரண்டு. குடி கூடாது என்பதில் நானும் நீங்களும் ஒரே பக்கம். இங்கே ஒருவரும் எண்ணவில்லை என்பதும் உண்மை. எண்ணட்டும். பிள்ளை நல மருத்துவர் வரட்டும், தலை அளக்கட்டும், முகம் பார்க்கட்டும், தாயைத் தனியாக இருத்தி மரியாதையாகக் கேட்கட்டும். என் அலகின் கதவைத் திறந்துவிடுகிறேன். அது வரைக்கும் மைக்கில் அஞ்சு வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சாளர் வந்து, அந்த அஞ்சு அமெரிக்காவில் நாலு ஊரில் ஓர் ஊரின் கணக்கு என்று தன் வாயால் சொல்லவேண்டும்.

குளத்தடிப் பெடியன் | 12.37

வாபஸ் வாங்கச் சொல்கிறீர்களா? அவர் சம்பளம் வாங்காமல் வந்தவர். ஒரு தேத்தண்ணீர்தான் குடித்தார். இன்று அவரை மறுத்துச் சொல்ல வைத்தால் நாளைக்கு எந்த ஊரில் யார் குடிக்கு எதிராக வாய் திறப்பார்கள்? பயந்தாவது ஒரு பெண் கிளாஸைக் கீழே வைத்தால் அந்த அஞ்சு வேலை செய்துவிட்டது.

முல்லை ரீச்சர் | 12.41

கிளாஸைக் கையில் எடுக்காதவள்தான் பயந்து போயிருக்கிறாள். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அந்தத் தாய் மகனின் சுகாதாரப் பதிவேட்டையும் கொண்டு என்னிடம் வருகிறார். பிறந்த நிறை, தலைச் சுற்றளவு, எந்த மாதத்தில் இருந்தான், எந்த மாதத்தில் நடந்தான், எல்லாம் ஒவ்வொரு பக்கமாக இருந்து பார்க்கப் போகிறேன். நீங்களும் வாருங்கள். உங்கள் நூற்றுக்கு அஞ்சை அவருக்கு முன்னால் சொல்லுங்கள்.

குளத்தடிப் பெடியன் | 12.44

திங்கட்கிழமை எனக்கு வாய்க்கால் கூட்டம். ஆனால் எண் மாறாது. நூற்றுக்கு அஞ்சு.

பனையடி | 12.46

கள்ளைப் பற்றி எழுதினதை இன்னும் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.